சுவரொட்டியின் ஐந்தாவது வரி

சோணையின் காரியம் முடிந்து, பங்குனியும் பாதி கழிந்துவிட்டது. இருளாயி இன்னும் அழவில்லை.

வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வில்லாபுரத்து அந்தச் சந்து முழுக்க அது தெரிந்திருந்தது. கூடப் பிறந்த அண்ணன் கழுத்துப் புண்ணோடு கிடந்து போய்ச் சேர்ந்திருக்கிறான். அவனைப் போலவே பாலாய் வெளுத்துப் பிறந்தவள் ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல், துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் மோந்து கொடுத்துக்கொண்டிருந்தாள் என்றால் நாலு பேர் பேசமாட்டார்களா?

அவளுக்கே அது விளங்கவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல மனசு மரத்துக் கிடந்தது. சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. வழக்கம்போல் செல்லூருக்குப் பஸ் ஏறிப் போய், ராதாமணி வீட்டுத் தறிகளுக்கு தார்க்குச்சியில் நூல் சுற்றிவிட்டு வந்தாள். எதிலும் குறை வைக்கவில்லை. எதுவும் உள்ளே போய்ச் சேரவுமில்லை.

அம்மா ராக்கம்மாளும் அவள் கட்டிக்கொண்ட அத்தை மகன் விருமாண்டியும் நல்ல கருப்பு. அவர்களுக்கு மூத்தவன் சோணையும் அடுத்தவள் இருளாயியும் தலைமுடியிலிருந்து இமைமயிர் வரை வெள்ளையாகப் பிறந்தார்கள். வெயிலில் கண் திறக்க முடியாது. கண்மணி ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். புத்தகத்து எழுத்து மூக்கை முட்டினால்தான் தெரியும். கடைசியாகப் பிறந்த முத்திருளன் மட்டும் அப்பனை உரித்து வைத்த கருப்பு. குலசாமி பேரென்று வெள்ளைப் பிள்ளைக்கு இருளாயி என்று வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் வகுப்பே சிரித்தது.

பாம்பு கடித்து விருமாண்டி செத்த பிறகு இந்தக் குடும்பத்தைக் கரையேற்றியவர் ராக்கம்மாளின் அண்ணன் காளை. உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டிலிருந்து நெல்லும் சோளமும் வருஷம் தவறாமல் வண்டியில் வந்து இறங்கின. அந்தக் காளையின் மகள் மாயக்காள்தான் முத்திருளனுக்குப் பொண்ணு. அதைப் புதிதாகப் பேசி முடிவு செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் தொட்டிலில் கிடந்தபோதே முடிவான சங்கதி. துக்கம் விழுந்த வீட்டில் சீக்கிரம் ஒரு நல்லது நடக்கட்டும், வெள்ளிக்கிழமை பரிசம் போட வாருங்கள் என்று காளை சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது.

சித்திரைத் திருவிழாவுக்கு ஜில்லாவே மதுரையில் வந்து குவியும். அதற்குள் பஸ் ஸ்டாண்டுகளிலும் ரயிலடியிலும் சுவரொட்டி ஒட்ட வேண்டும். தியேட்டர்களில் இடைவேளைக்குச் சிலைடு காட்ட வேண்டும். உண்டியல் தூக்கிக் காகிதக் கொடி விற்க வேண்டும். இருளாயி போலப் பிறந்தவர்களுக்குக் குடையும் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் வாங்கித் தர ராதாமணி தொடங்கிய நிழல் நலச் சங்கத்தின் திட்டம் இது. சுவரொட்டியில் என்ன எழுதுவது என்பதை மட்டும் இருளாயி பொறுப்பில் விட்டிருந்தார்கள். இன்று அதை முடிவு செய்யும் கூட்டம்.

"என்னத்தா அது, சுருட்டி வச்சிருக்க?" என்று கேட்டாள் ராக்கம்மாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"செவத்துல ஒட்டுற நோட்டீசும்மா. அதுக்குத்தான் எழுதிப் பாத்திருக்கேன்."

"படி, கேப்போம்."

இருளாயி சார்ட் தாளை விரித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் அகலம். அப்படியும் குனிந்துதான் படித்தாள்.

"இது ஒட்டுவாரொட்டி இல்லை. தொடலாம், பக்கத்தில் உட்காரலாம்."

"அப்படிப் போடு" என்றாள் ராக்கம்மாள்.

"வெயில்தான் எதிரி. முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள். பள்ளிக்கூடத்தில் முன்வரிசையில் உட்கார வையுங்கள்."

"அந்த வாத்தியாரு ஒன்னக் கடைசி பெஞ்சுலதான போட்டாரு. ம், மேல படி."

"உடம்பில் ஆறாத புண் இருந்தால் நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்."

கரண்டி நின்றது.

"ஆறாத புண்ணு" என்று ராக்கம்மாள் திருப்பிச் சொன்னாள். "பச்சிலைய அரைச்சு அரைச்சு வச்சுக் கட்டுனேனே ஆத்தா. செங்கச் சூளையில நின்ன சூடு, ஆறிரும் ஆறிரும்னு சொன்னேனே. எங் கையாலதான கட்டுனேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

இருளாயி அம்மாவைப் பார்த்தாள். அவள் தோளைத் தொட வேண்டும் என்று தெரிந்தது. பிறகு, குழம்பு அடிப்பிடிக்கும் என்பதும் தெரிந்தது. கரண்டியை எடுத்துக் கிண்டினாள்.

கொஞ்சம் கழித்து ராக்கம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள். "அம்புட்டுதானா, இன்னும் இருக்கா?"

ஐந்தாவது வரி தாளின் அடியில் இருந்தது.

"அம்புட்டுதாம்மா" என்று இருளாயி தாளைச் சுருட்டினாள்.

"மாயக்காளும் அவ ஆத்தாளும் பரிசச் சேலை எடுக்க இன்னிக்கு வாராக. ஒங்க ரெண்டு பேருக்கும் மத்தியானச் சோத்த மாயக்கா கையிலயே குடுத்துவிடுறேன். முத்துவும் ஒரு பார்வை பாத்துக்கிறட்டும்." அழுத கண்ணிலேயே ராக்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெற்குவாசலில் ஏறிய ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டுக்குள் இருந்த வெள்ளை முகத்தைத் திரும்பிப் பார்த்து, சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் இப்படி யாராவது எழுந்து போனால் செல்லூர் வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்று இருளாயி காலியான இடத்தில் தன் பையை வைத்தாள். தாள் கசங்காமல் இருக்கும் என்று நினைத்தாள்.

ராதாமணி வீட்டு மாடியில் கூட்டம். கீழே விசைத்தறி ஓடும் சத்தத்தில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. சங்கத்தின் தலைவர் வெங்கடரமணன், ஜவுளி வியாபாரி; கொடி அச்சடிக்கக் காகிதமெல்லாம் அவர் செலவு. செயலாளர் ராதாமணி. அவள் மகள் கனகலட்சுமியும் இருளாயியைப் போலப் பிறந்தவள்தான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் செய்த கேலி தாங்காமல் ஒருநாள் தலைமுடிக்கு மையைப் பூசிக்கொண்டு வந்து நின்ற அந்தப் பிள்ளைக்காகத்தான் ராதாமணி இந்தச் சங்கத்தையே தொடங்கினாள்.

முத்திருளன் வரைந்து கொடுத்த படத்தை இருளாயி முதலில் எடுத்து வைத்தாள். தாள் முழுக்கக் கருப்பு. நடுவில் மை படாமல் விட்ட வெள்ளையே ஒரு பெண்ணின் முகமாக இருந்தது. அவளுடைய முகம். அதன் மேலே: என் பெயர் இருளாயி.

ராதாமணி வெகுநேரம் பார்த்தாள். "பேரும் முகமும் பக்கத்துல வர்றப்போ யாரா இருந்தாலும் நின்னு பார்ப்பாங்க" என்றாள்.

"நின்னு பார்ப்பாங்க. காசு போடுவாங்களா?" வெங்கடரமணன் கெட்ட மனிதரல்ல. சோணை ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவர். அன்று தம் காமிராவில் எடுத்த ஒரு படத்தைப் பையிலிருந்து எடுத்தார். "பார்த்தவுடனே கை பாக்கெட்டுக்குப் போகணும், இருளாயி. மனசு கஷ்டம்தான். ஆனா இந்தப் படத்துக்குத்தான் அந்தச் சக்தி இருக்கு."

இருளாயி அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனாள். மூக்கு படத்தைத் தொட்டது. சோணை கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். காதுக்குக் கீழே தொடங்கித் தோள்வரை அந்தப் புற்றுப்புண். அவன் போட்டிருந்த நீலச் சட்டையின் மேல் பொத்தான் அவள் தைத்துக் கொடுத்தது. வேறு நிறத்துப் பொத்தான். அப்போது அதுதான் கிடைத்தது. இப்போதாவது அழுகை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

"காசு விழும் சார்" என்றாள் படத்தைத் திருப்பிக் கொடுத்து. "ஆனா அடுத்த நாளு என்னைய மாதிரி ஒரு ஆளு பஸ்ல பக்கத்துல வந்து உக்காந்தா, இந்தப் படம்தான் நெனப்புக்கு வரும். எந்திரிச்சுப் போயிருவாக. இன்னிக்குப் படத்தப் பாக்காமலே ஒரு அம்மா எந்திரிச்சுப் போயிருச்சு."

அவர் படத்தை வாங்கிக்கொண்டார். பிறகு பைக்குள் வைத்துவிட்டார். "சரிம்மா. உன் முகமே இருக்கட்டும்."

வரிகளைப் படித்தார்கள். முதல் நாலுக்கும் தடையில்லை. ஐந்தாவதை வெங்கடரமணன் உரக்கப் படிக்கத் தொடங்கிப் பாதியில் குரலைத் தாழ்த்தினார்.

"நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் பேசும் முன் டாக்டரைக் கேளுங்கள்."

கீழே தறி ஓடியது.

"இது எதுக்கு?" என்றாள் ராதாமணி. அவள் கட்டியிருப்பது தன் தாய்மாமன் பாலசுந்தரத்தை.

"டாக்டரம்மா சொன்னாங்கக்கா. சோணை அண்ணன் கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்னையக் கூப்பிட்டு உக்கார வச்சு வெவரமாச் சொன்னாங்க. இது வெளிய தெரியாம ரத்தத்துல ஒளிஞ்சு இருக்குமாம். ஒரே வம்சத்துல ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருந்தது சேந்தா, பிள்ளைக்கு வர்றதுக்கு வாய்ப்பு அதிகமாம்."

"எனக்கும்தான் சொன்னாங்க." ராதாமணி தரையைப் பார்த்தாள். "காலையில பொண்ணுக்குத் தலை சீவி விடறப்போ தினமும் நினைச்சுக்கறேன். அது போதாதா? போற வர்ற செவுத்துலயும் பார்க்கணுமா?"

வெங்கடரமணன் தொண்டையைக் கனைத்தார். "நான் வியாபாரி, நேராப் பேசறேன். இந்த ஊர்ல யார் வீட்டுல சொந்தத்துல கட்டல? எங்க வீட்டுலயும் அத்தை பொண்ணுதான். நன்கொடை கொடுக்கற கை எல்லாம் அப்படிக் கட்டிக்கிட்ட கைதாம்மா. அதை எடுத்துடு. இல்ல, வேணும்னா அடியில பொடி எழுத்துல போட்டுடு."

"பொடி எழுத்துன்னா என்னால படிக்க முடியாது சார்."

அவள் அதை எதிர்த்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

ராதாமணி தலை நிமிர்ந்தாள். "உன் தம்பிக்கு மாமன் பொண்ணைத்தானே பேசியிருக்கு?"

"ஆமாக்கா. வெள்ளிக்கிழமை பரிசம்."

"அவனுக்கு இந்த வரி தெரியுமா?"

"அச்சடிக்கும்போது தெரியும்."

ராதாமணி அவளையே பார்த்தாள். இத்தனை வருஷம் ஒரே தட்டில் முறுக்குத் தின்ற பெண்ணை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. "எப்படி உன்னால இதை இவ்வளவு சாதாரணமாச் சொல்ல முடியுது?" என்றாள். பிறகு எழுந்தாள். "போடு. பெரிய எழுத்திலேயே போடு. உண்மைன்னா எல்லாருக்கும் உண்மைதான். ஆனா என் முன்னால அதைப் படிக்காதே."

மாடிப்படியில் இறங்கும்போது கனகலட்சுமி பள்ளிக்கூடம் போகாமல் நடையில் உட்கார்ந்து, பெரிய கண்ணாடி வில்லையை வைத்துக்கொண்டு பாடம் படித்துக்கொண்டிருந்தாள். "இருளாயிக்கா, போஸ்டர் முடிவாயிருச்சா?" என்று கேட்டாள். இருளாயி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த சந்தில்தான் முத்திருளன் வேலை பார்க்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கூடம். முதலாளி வெளியூர் போயிருந்தார். முத்திருளன் மட்டும் பனியனோடு மேசையில் குனிந்திருந்தான். முகமும் தலைப்பும் நேற்றே மரச் சட்டத்தில் தயாராகிவிட்டன. கீழே வரவேண்டிய வரிகளைத் தாளில் வெட்டி, சட்டத்துத் துணியில் ஒட்டிவிட்டால் அடிக்க ஆரம்பிக்கலாம்.

"குடுக்கா" என்று சார்ட்டை வாங்கி மேசையில் விரித்தான். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நல்ல குஷியில் இருந்தான். கடைசி வரிக்கு வந்ததும் முணுமுணுப்பு நின்றது.

மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"இது யாருக்கு எழுதினது?"

"எல்லாருக்கும்."

"எனக்குன்னு எழுதினியா?"

"எழுதுறப்ப சோணை அண்ணன்தான் நெனப்புல இருந்துச்சு. எழுதி முடிச்சப்புறம் ஒன்னைய நெனச்சேன்."

"நெனச்சும் அழிக்கல."

"இல்ல."

அவன் பிளேடை எடுத்தான். வைத்தான். "மாமா இதைப் பாத்தா என்ன சொல்லுவாரு? நம்ம வீட்டுக்கு அரிசி போட்ட மனுசன். வருசா வருசம் நமக்கு அளந்துட்டுத்தான் அவரு வீட்டுக்கு எடுத்துவைப்பாரு. யோசிச்சுப் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"என்ன தோணுச்சு?"

"ஒண்ணும் தோணல முத்து."

முத்திருளன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் வந்தால் அவன் கத்துவான். இப்போது கத்தவில்லை. "அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான். "அண்ணன் போனதுல இருந்து ஒனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எனக்கு எம்புட்டுத் தோணுது தெரியுமா? மாயக்காளத் தவிர எனக்கு வேற நெனப்பே கெடையாது. அது ஒனக்குத் தெரியும்."

தெரியும். பொங்கலுக்குப் பொங்கல் காளை மாமா வீட்டுக்குப் போனால் இவன் எந்தப் பக்கம் திரும்பி நிற்பான் என்று கண் சரியாகத் தெரியாத அவளுக்கே தெரியும்.

"கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு எழுதல. கேட்டுட்டுப் பண்ணச் சொல்லியிருக்கு" என்றாள்.

"கேட்டா என்ன சொல்லுவாகன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு வெட்ட ஆரம்பித்தான். முதல் நாலு வரிகளைச் சடசடவென்று வெட்டினான். ஐந்தாவதுக்கு வந்ததும் பிளேடு மெதுவாகிவிட்டது. 'சொந்தத்தில்' என்ற சொல்லின் ஒற்றெழுத்துப் புள்ளியை வெட்டும்போது கை வழுக்கி விரலில் பட்டது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு அதையும் வெட்டி முடித்தான்.

ஒட்டினான். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாக இழுத்தான். சட்டத்தைத் தூக்கியதும் கருப்புக்கு நடுவில் வெள்ளையாக அவள் முகம் எழுந்தது. காய்வதற்குக் கொடியில் மாட்டினார்கள். இருளாயி முதல் சுவரொட்டியை வாசலில் தொங்கவிட்டு, படியில் இறங்கி இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். தலைப்பு தெரிந்தது. வரிகளும் தெரிந்தன. தனக்கே தெரிந்தால் ஊருக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான் அவள் கணக்கு.

"ஐஞ்சாவதும் தெரியுதாக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டான் முத்திருளன்.

"தெரியுது."

அவன் அடுத்த தாளை வைத்தான்.

பாதிக் கொடி நிறைந்திருந்தபோது, தூக்குவாளியோடு மாயக்காள் வந்தாள். சந்தின் வெளிச்சத்தில் ஒரு பச்சைப் பாவாடையும் மல்லிகைப்பூ வாசனையும்தான் இருளாயிக்கு முதலில் தெரிந்தது. "மதினி" என்ற குரல் வந்த பிறகுதான் ஆள் தெரிந்தது.

"அத்தை சோறு குடுத்துவிட்டுச்சு. ஆத்தா கடையில சேலை பாத்துக்கிட்டு இருக்கு. நான் இங்கிட்டு ஓடியாந்துட்டேன்." முத்திருளனை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். "மச்சானுக்கு மூஞ்சியெல்லாம் மை."

முத்திருளன் சிரிக்கவில்லை. "ஈரமா இருக்கு. கிட்டப் போகாத" என்றான்.

அதற்குள் அவள் போய்விட்டாள். பத்தாவது வரை படித்தவள்; கண்ணில் பட்ட எதையும் வாசிக்காமல் விடமாட்டாள். "அய்யோ, மதினி மொகம்!" என்று கத்தினாள். "என் பெயர் இருளாயி... எம்புட்டு அழகா இருக்கு மதினி!" ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்தாள். நாலாவது வரியில் குரல் இறங்கியது; அவளுக்கும் சோணை ஞாபகம்தான். ஐந்தாவதைச் சத்தமில்லாமல் படித்தாள்.

தூக்குவாளியைக் கீழே வைத்தாள் மாயக்காள். முத்திருளன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"மதினி, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"மேல ஒங்க மொகம் இருக்கு, ஒங்க பேரு இருக்கு. ஒங்களப் பாத்து யாரும் ஒதுங்கக் கூடாதுன்னுதான இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கு?"

"ஆமா."

"அப்புறம் கீழ வந்து, இந்த மாதிரி ஒண்ணு பொறந்துறாமச் சூதானமா இருந்துக்கங்கன்னு போட்டிருக்கு."

இருளாயி வாயைத் திறந்தாள். "அப்படிப் போடல மாயக்கா. டாக்டரக் கேக்கச் சொல்லித்தான்..."

"எதுக்குக் கேக்கணும்? பொறந்துறக் கூடாதுன்னுதான? ஒங்க மொகத்தப் போட்டு, நான் பொறந்தது தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி இருக்கு மதினி." அவள் குரலில் சண்டை இல்லை. "எனக்கு ஒங்கள மாதிரி ஒண்ணு பொறந்தா இடுப்புல தூக்கிக் குடையப் பிடிச்சுக்கிட்டே வளப்பேன். அதுக்கு நான் பயப்படல. சோணை மச்சான் பொறந்திருக்க வேணாம்னு நெனைக்கிறீகளா, அதை மட்டும் சொல்லுங்க."

இருளாயி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சோணை தன் துண்டைக் குழாயில் நனைத்துப் பிழிந்து, அவள் தலையையும் தன் தலையையும் சேர்த்து மூடி, ஒரே முக்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு வருவான். உள்ளே ஈரமும் இருட்டுமாக இருக்கும். வெளியே வெயில் காயும். "ரெண்டு பேரு இருக்கோம்ல, ஒருத்தருக்கு ஒருத்தர் நெழலு" என்பான். அவன் பிறக்காமல் இருந்திருந்தால் என்று அவள் ஒருபோதும் நினைத்ததில்லை. அந்தக் கழுத்துப் புண்ணைக் கழுவிய நாட்களில் ஒருமுறை, இந்த வலிக்கு ஏண்டா பிறந்தாய் என்று நினைத்திருக்கிறாள். இரண்டும் உண்மை. எதை இந்தப் பிள்ளையிடம் சொல்வது?

"எனக்குத் தெரியல" என்றாள்.

"தெரியாமயா ஊரெல்லாம் ஒட்டப் போறீக?"

மாயக்காள் கொடியிலிருந்து ஒரு சுவரொட்டியைக் கழற்றினாள். ஈரம் கையில் பிசுபிசுத்தது. பொருட்படுத்தாமல் சுருட்டினாள்.

"ஏ, எங்க கொண்டு போற?" என்றான் முத்திருளன்.

"எங்கப்பாகிட்ட காட்ட." இப்போதுதான் அவனைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை வெத்தல மாத்துன பெறகு எவனாச்சும் பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டு வந்து சொல்லுறதுக்கு, நானே காட்டிருறேன். படிச்சுக் காட்டிட்டு, அவரு என்ன சொல்லுறாருன்னு பாப்போம். நானும் ஒண்ணு சொல்லணும் அவருகிட்ட."

"என்ன சொல்லப் போற?"

"அத அவருகிட்டத்தான் சொல்லணும், மச்சான்."

படியிறங்கினாள். பச்சைப் பாவாடை சந்து வெளிச்சத்தில் கொஞ்சதூரம் அசைந்தது. அதற்கப்புறம் எது அவள், எது வேறு யாரோ என்று இருளாயியால் பிரிக்க முடியவில்லை. "மாயக்கா!" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்த்தாளோ என்னவோ, பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

சோணை போன நாளிலிருந்து இன்று வரை வராத ஒன்று அப்போது வந்தது. வந்தது அழுகை இல்லை, பயம். காளை மாமா அந்தத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது. பக்கத்தில் அம்மா நிற்பதும் தெரிந்தது.

"அக்கா." முத்திருளன் பின்னால் நின்றான். ரப்பர் பட்டையிலிருந்து கருப்பு மை சொட்டிக்கொண்டிருந்தது. "மிச்சத்த அடிக்கவா? ஐஞ்சாவது வரியோட அடிக்கவா, இல்ல, அதை மறைச்சுட்டு அடிக்கவா?"

அவள் திரும்பவில்லை.

"மை காஞ்சு போகும்க்கா. சொல்லு."